தென்பெண்ணைக் கரை நாய்களுக்கான இல்லத் தின்பண்டங்கள்: கழித்தல் கோட்பாட்டு நோக்கில் ஓர் ஆய்வு

இயல் 1: ஆய்வுச் சிக்கல்

காக்கைக்கு முதல் பிடி, நாய்க்குக் கடைசிப் பிடி, நடுவில் உள்ளது மனிதர்க்கு என்பதே தமிழர் பந்தி ஒழுங்கு. இவ்வொழுங்கில் ‘நாய் என்ன தின்னும்?’ என்ற கேள்விக்கு இடமே இருந்ததில்லை. சட்டியில் மீந்தது எதுவோ அதுவே அன்றைய பண்டம். நாய்க்கும் புகார் இல்லை. சட்டிக்கும் புகார் இல்லை.

அண்மைக் காலத்தில் இவ்வொழுங்கு குலைந்திருக்கிறது. நாய்க்கென்றே மாவு பிசைந்து, தனியாகச் சுட்டு, தனி டப்பாவில் போட்டு மூடி வைக்கும் வீடுகள் தோன்றியுள்ளன. மீந்ததைப் போடுவதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை; திட்டமிட்டுச் செய்வதற்கு வேண்டும். மீந்ததைத் தின்று நாய்க்கு வயிறு கெட்டால் பழி விதியின்மேல் போகும். செய்து கொடுத்ததைத் தின்று கெட்டால் பழி நம்மேல் விழும். இந்நுட்பமான பொறுப்பு மாற்றம் அறிஞர் கவனத்துக்கு உரிய முறையில் வராமையால் இவ்வாய்வு தேவையாயிற்று.

இயல் 2: ஆய்வெல்லை

ஆய்வுக் களம் மணலூர்பேட்டைப் பேரூராட்சி. சாத்தனூர் அணை திறக்கும்போது ஆறாகவும் மற்ற நாள்களில் பெரும்பாலும் மணலாகவும் விளங்கும் தென்பெண்ணையின் கரையில் உள்ள ஊர். விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியபோது அதனோடு சேர்ந்தது. நாய்கள் இம்மாற்றத்தைக் கருத்தில் கொண்டதாகத் தெரியவில்லை. அவற்றின் எல்லைகள் பழையபடி தெருமுனை, மின்கம்பம், கறிக்கடை என்றே நீடிக்கின்றன. ஆறு வற்றிய மாதங்களில் மறுகரை நாய்களும் இக்கரை வந்துபோவதால் தரவுகளில் சிறு கலப்பு தவிர்க்க இயலாதது.

இப்பகுதி மலையமான் திருமுடிக்காரி கோவலூரில் இருந்து ஆண்ட நிலம். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய காரி, தன் குதிரைக்கும் காரி என்றே பெயர் இருக்கும் அளவுக்கு விலங்குகளோடு நெருங்கியவன். எனினும் அவன் நாய்க்கு ஈந்த பண்டம் எதுவும் இவ்வாய்வாளர் கண்ணில் படவில்லை. அருகிலுள்ள திருக்கோவலூர் அட்டவீரட்டத் தலங்களுள் ஒன்று. சிவன் அந்தகாசுரனை வதைத்த இடம். தேய்பிறை அட்டமியில் பைரவருக்கு வடைமாலை சாத்துவார்கள். அவருடைய வாகனமாகிய நாய்க்கு என்ன தருவது என்பதில் மட்டும் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே வரலாறும் சமயமும் இவ்வாய்வுக்கு முன்னுரை தருகின்றனவே அன்றி, செய்முறை தரவில்லை.

இயல் 3: முன்னாய்வுகள்

நாய்த் தின்பண்டத் துறையின் தோற்றுநர் ஜேம்ஸ் ஸ்ப்ராட். இடிதாங்கி விற்க லண்டன் சென்ற அமெரிக்கர். துறைமுகத்தில் கப்பல்காரர்கள் வீசிய கெட்டி பிஸ்கட்டை நாய்கள் சண்டையிட்டுத் தின்பதைக் கண்டு, 1860களில் கோதுமை, காய்கறி, பீட்ரூட், மாட்டிறைச்சி சேர்த்த நாய் ரொட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார் என்பது வழங்கிவரும் வரலாறு. அவர் நிறுவனத்தில் வேலை பார்த்த சார்லஸ் கிரஃப்ட்தான் பின்னாளில், 1891இல், தம் பெயரால் நாய்க் கண்காட்சி தொடங்கியவர். இடிதாங்கி விற்கப் போனவர் இடியை மறந்து நாயைப் பார்த்ததால் ஒரு பெருந்தொழில் பிறந்தது. ஆய்வாளர்கள் தலைப்பை விட்டு விலகுவது சில வேளைகளில் நன்மை பயக்கும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இரண்டாம் முன்னாய்வு 2013இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆக்சல்சன் குழுவினர் ஓநாய், நாய் ஆகியவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டனர். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்குரிய மரபணு ஓநாயிடம் 2 படிகளே இருக்க, நாயிடம் 4 முதல் 30 வரை இருந்தது. மனிதன் தானியம் விதைக்கத் தொடங்கிய பிறகு அவன் குப்பைமேட்டை ஒட்டி வாழ்ந்த விலங்கு, மாவுச்சத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொண்டது என்பது அவர்கள் முடிவு. கேழ்வரகுக் கூழைச் சட்டியோடு நக்கி வளர்ந்த மணலூர்பேட்டை நாய்கள் இம்முடிவை முன்பே அறிந்திருந்தன. இதழில் வெளியிடவில்லை, அவ்வளவே.

உள்ளூர் மரபில் நாய்க்கென விலை கொடுத்து வாங்கப்படும் பண்டம் ஒன்றே ஒன்று: டீக்கடைப் பொறை. கண்ணாடி ஜாடியில் வர்க்கிக்கும் பட்டர் பிஸ்கட்டுக்கும் பக்கத்தில், கையில் எடுத்தால் கனமே தெரியாமல், காய்ந்து கிடப்பது. டீ குடிக்க வந்தவர் ஒன்றை வாங்கி இரண்டாக உடைத்து ஒரு பாதியை டீயில் நனைத்துக்கொண்டு, மறுபாதியை வீசுவார். வீசும் திசையில் நாய் ஏற்கெனவே நிற்கும். பெரும்பாலும் மைதாவால் ஆன இப்பண்டத்தில் ஊட்டம் குறைவு, உறவு மிகுதி.

இயல் 4: கருதுகோள்

நாய்க்குக் கேடு செய்வன எவை என்று கால்நடை மருத்துவம் தந்த பட்டியலை ஆய்வாளர் கையில் எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தபோது, அஞ்சறைப்பெட்டியில் தொடங்கிப் பரண் வரை எதையும் தொட முடியாத நிலை ஏற்பட்டது.

முதலாவது வெங்காயம், பூண்டு. இவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகை உண்டாக்கும். நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயமே போதும். வதக்கினாலும் வேகவைத்தாலும் நஞ்சு போகாது. ஆக, குழம்பு விலக்கு.

இரண்டாவது உலர்திராட்சை. சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். ஒரு நாய்க்கு ஒன்றும் ஆகாமல், இன்னொன்றுக்குச் சில பழங்களிலேயே ஆபத்து ஆகலாம் என்பதால் பாதுகாப்பான அளவு என்று எதையும் சொல்வதற்கில்லை. அதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணம் என்ற கருத்து அண்மையில் வலுத்துள்ளது. அதே அமிலம் புளியில் நிறைய உண்டு. ஆக, சர்க்கரைப் பொங்கலும் புளியோதரையும் ஒருங்கே விலக்கு. தை 5ஆம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குத் திருவண்ணாமலையில் இருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு இங்கே வரும்போது, ஆற்று மணலெங்கும் கூட்டம் நிறையும். தின்று முடித்த தொன்னைகள் மணலில் விழும் இடமெல்லாம் நாயின் மூக்கு போகும். மனிதருக்குப் புண்ணியம் சேரும் அந்நாள், நாய்க்குத் திராட்சை சேரும் நாளும் ஆகும்.

மூன்றாவது உப்பு, ஆகவே கருவாடு, அப்பளம், ஊறுகாய். நான்காவது எண்ணெய் மிகுந்தவை, கணையத்தை அழற்றும். ஐந்தாவது வெந்த எலும்பு. வேகவைத்த கோழி எலும்பு சிராய் சிராயாக உடைந்து குடலைக் குத்தும். ஆறாவது சாக்லேட்; அதிலுள்ள தியோப்ரோமினை நாயின் உடல் மெல்லத்தான் வெளியேற்றும். ஏழாவது வெல்லம், சர்க்கரை. நஞ்சு அல்ல, ஆனால் தேவையும் அல்ல. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய வண்டிகள் போகும் வட்டாரத்தில் இதைச் சொல்வது ஆய்வாளருக்குச் சங்கடமே, உண்மை உண்மைதான்.

இப்பட்டியல் முதன்மைத் தகவலாளராகிய ஆயா ஒருவரிடம் வாசித்துக் காட்டப்பட்டது. (ஆய்வு நெறிப்படி பெயர் தவிர்க்கப்படுகிறது.) அவர் முறத்தில் இருந்து கண்ணெடுக்காமல் கேட்டார்: “வெங்காயம் கூடாது, புளி கூடாது, உப்பு கூடாது, எண்ண கூடாது. அப்புறம் இன்னாடா மிஞ்சும்? சட்டிதான் மிஞ்சும்.”

இவ்வினாவில் இருந்தே ஆய்வின் மையக் கருதுகோள் உருவாயிற்று. அதனைக் கழித்தல் கோட்பாடு எனலாம்: தமிழர் சமையலில் ருசிக்குக் காரணமான அனைத்தையும் கழித்த பின் எது மிஞ்சுகிறதோ, அதுவே நாய்க்கு நல்ல தின்பண்டம்.

இயல் 5: மூலப்பொருள் ஆய்வு

மிஞ்சியவை சட்டி மட்டும் அல்ல என்பது தொடர்ந்து செய்த தேடலில் புலனாயிற்று.

கேழ்வரகு முதலிடம் பெறுகிறது. நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ள இத்தானியம், ஊரார் வாயில் கேவுரு. அடுத்தது கல்வராயன் மலையில் மலையாளி மக்கள் விளைவிக்கும் சாமை; குழைய வேகவைத்தால் நாய்க்கு ஆகும். பரங்கிக்காய் நார்ச்சத்துக்கு; வேகவைத்து மசித்தால் மாவுக்குத் தண்ணீர்கூட வேண்டாம். முட்டை, எலும்பு நீக்கி வேகவைத்த கோழி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஆகியனவும் தேறின. கோழி ஈரலை நாய் மற்ற எல்லாவற்றிலும் மேலாக மதிக்கும்; வைட்டமின் ஏ அளவு மீறும் என்பதால் அதை நகக்கண் அளவுத் துண்டுகளாக, எப்போதாவது மட்டும் தருக.

மரவள்ளிக்கிழங்கைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கள்ளக்குறிச்சி வட்டாரம் முழுதும் விளையும் கிழங்கு என்பதால் மலிவாகக் கிடைக்கும். ஆனால் பச்சைக் கிழங்கில் சயனைடை வெளிவிடும் லினமாரின் உண்டு. தோலுரித்து, நன்றாக வேகவைத்து, வெந்த நீரைக் கொட்டிய பிறகே மனிதருக்கு ஆகும். நாய்க்கும் அதே விதி.

மேலைநாட்டார் நாய்க்கு வேர்க்கடலை வெண்ணெய் தருகின்றனர். மல்லாட்டை என்னும் வேர்க்கடலை விளையும் மண்ணில் அதை டப்பாவில் வாங்குவது விளைநிலத்துக்கே இழுக்கு. வறுத்து, தோல் ஊதி, உப்பில்லாமல் மிக்சியில் நெடுநேரம் அரைத்தால் தன் எண்ணெயிலேயே குழைந்துவிடும். நாயின் மாத்திரையை அதில் பொதிந்து தரலாம். ஒரே நிபந்தனை: பூசணம் பிடித்த கொட்டை, சுருங்கிய கொட்டை, கசக்கும் கொட்டை ஒன்றுகூடச் சேரக் கூடாது. 1960இல் இங்கிலாந்தில் சுமார் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை விளைவித்த நச்சுதான் காரணம் என்று பின்னர் தெரிந்தது. அஃப்ளாடாக்சின் என்ற பெயர் அப்போது பிறந்தது. நாயின் ஈரலும் அதற்குத் தப்பாது. நல்ல கொட்டையை மூட்டையில் விற்றுவிட்டுச் சொத்தையை நாய்க்குப் போடும் வழக்கம் உடனடியாக மறுபரிசீலனைக்கு உரியது.

இயல் 6: செய்முறை

கேழ்வரகு மாவு 100 கிராம், வேகவைத்து மசித்த பரங்கிக்காய் 100 கிராம், முட்டை ஒன்று. மாவை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து ஆறவிட்டு, மற்ற இரண்டையும் சேர்த்துப் பிசைய வேண்டும். கையில் ஒட்டினால் இன்னும் கொஞ்சம் மாவு; விரிசல் விட்டால் இன்னும் கொஞ்சம் பரங்கி. சப்பாத்தியைவிடத் தடிமனாகத் தட்டி, மருந்து பாட்டில் மூடியால் அழுத்தி எடுத்தால் ஏறத்தாழ நாற்பது வில்லைகள் வரும்.

சுடுவதில் இரு சிந்தனைப் பள்ளிகள் உள்ளன. முதல் பள்ளி தோசைக்கல்லில் சிறு தீயில் இருபுறமும் சுட்டு, அடுப்பை அணைத்த பிறகும் கல்லிலேயே விட்டுவைக்கும். இரண்டாம் பள்ளி குக்கரின் அடியில் மணல் பரப்பி, கேஸ்கட்டும் வெயிட்டும் நீக்கி, தட்டில் வைத்து மூடும். ஆற்றங்கரையிலேயே வாழ்ந்தாலும் ஒரு படி மணலைக் கையால் தொடும் முன் கனிமச் சட்டம் நினைவுக்கு வருவதால், இப்பள்ளியினர் கல்லுப்புக்கு மாறிவிட்டனர். இந்த உப்பு தட்டுக்குக் கீழேயே நிற்கும், நாய்க்குப் போகாது. எப்படிச் சுட்டாலும் ஆறிய வில்லை ஒடிக்கும்போது ‘டப்’ என்று சத்தம் கேட்க வேண்டும். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. ஈரம் இருந்தால் இந்த ஊர்ப் புழுக்கத்துக்கு இரண்டு நாளில் பூசணம் பூக்கும்.

களச்சோதனை ஆயா வீட்டு நாயாகிய மணியிடம் நிகழ்த்தப்பட்டது. மணி வில்லையை வாயில் வாங்கியது, தின்னவில்லை. எதிர்வீட்டில் கட்டுமானத்துக்குக் கொட்டியிருந்த எம் சாண்ட் குவியலுக்குக் கொண்டுபோய், முன்னங்காலால் தோண்டிப் புதைத்து, மூக்கால் மூடி, திரும்பி வந்து அடுத்ததற்கு உட்கார்ந்தது. இரண்டாவதை அங்கேயே கறுக்கென்று கடித்துத் தின்றது. முதலாவது சேமிப்பு, இரண்டாவது செலவு என்பது வெளிப்படை. வீட்டாரில் எவரும் இவ்வளவு கட்டுப்பாட்டோடு மாதச் சம்பளத்தைக் கையாண்டதாகத் தரவு இல்லை.

இயல் 7: எதிர்பாராத கண்டுபிடிப்பு

ஆய்வின் திருப்புமுனை இங்கே நிகழ்ந்தது. டப்பாவில் வில்லைகள் குறைந்தன. மணி சங்கிலியில் இருந்த நேரத்திலும் குறைந்தன.

விசாரணையில் வெளிப்பட்ட இரண்டாம் தகவலாளர் அவ்வீட்டுத் தாத்தா. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கும் பணியாளர், ஒவ்வொரு முறையும் அவரிடம் சொல்லும் பட்டியல் இது: உப்பைக் குறைங்க, ஊறுகாய் வேணாம், அப்பளம் வேணாம், எண்ணெய்ப் பலகாரம் வேணாம், வெல்லம் வேணாம், கேழ்வரகு சேர்த்துக்குங்க. ஆய்வாளர் அப்பட்டியலையும் இயல் 4இன் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெங்காயம், பூண்டு போன்ற சில நீங்கலாக, இரண்டும் ஏறக்குறைய ஒன்றே.

“டாக்டர் சொன்ன மாதிரியே சப்புனு இருக்குது. அதான் தின்னேன்” என்றார் தாத்தா.

“எனக்கு இத்தன வருசமா சோறு ஆக்கிப் போட்டதுல சப்புனு இருந்தா தட்டத் தள்ளுவாரு. நாய்க்குச் சுட்டத மட்டும் வாயத் தொறக்காம தின்றாரு” என்றார் ஆயா.

ஆயாவின் கூற்றில் ஆழ்ந்த உண்மை உண்டு. மனிதர்க்கென்று செய்யப்பட்ட பத்திய உணவு தண்டனையாகத் தோன்றுகிறது. நாய்க்கென்று செய்யப்பட்டது திருடித் தின்னத் தகுந்ததாகிவிடுகிறது. பொருள் ஒன்றே, டப்பா வேறு.

ஆயினும் இவ்வொற்றுமையில் ஒரு கொடிய விதிவிலக்கு உண்டு. அதை விளையாட்டாகக் கடந்துவிட இயலாது. சர்க்கரை நோயாளிக்கு உகந்தது என்று விற்கும் சர்க்கரையில்லா மிட்டாய், சூயிங்கம், சில வேர்க்கடலை வெண்ணெய் வகைகளில் சைலிட்டால் என்னும் இனிப்பு இருக்கலாம். மனிதருக்கு அது நஞ்சன்று. நாய்க்கோ, எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 கிராம் அளவிலேயே இரத்தச் சர்க்கரை சரிந்து மயக்கமும் வலிப்பும் வரலாம். கூடினால் ஈரல் கெடும். ஆக, நாயின் டப்பாவில் இருந்து தாத்தா எடுக்கலாம். தாத்தாவின் டப்பாவில் இருந்து நாய் எடுக்கக் கூடாது.

இயல் 8: அளவு பற்றிய கணிதம்

தின்பண்டம் நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்களின் பொதுவிதி. ஓய்வில் இருக்கும் நாயின் தேவையைக் கணிக்க, எடையை முக்கால் அடுக்குக்கு உயர்த்தி 70ஆல் பெருக்குவர். பள்ளிக் கணக்குக்கு அஞ்சுவோர் 16 கிலோ நாயைத் தேர்க. 16க்கு இருமுறை வர்க்கமூலம் எடுத்தால் 2. அதன் கனம் 8. எழுபதால் பெருக்க 560. கருத்தடை செய்த, ஓரளவு ஓடியாடும் நாய்க்கு அதை 1.6ஆல் பெருக்கினால் 896. பத்தில் ஒரு பங்கு, சுமார் 90 கலோரி. மேற்சொன்ன வில்லை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 கலோரி. ஆகவே நாளுக்கு ஒன்பது என்பதே உச்சவரம்பு. அதையும் சோற்றில் கழித்துக்கொள்ள வேண்டும். நாட்டு நாய்களில் பல இந்த எடையை ஒட்டியே இருப்பதால் கணக்கு ஊருக்கும் பொருந்தும்.

கணிதம் எளிது, குடும்பம் கடினம். காலையில் அம்மா மூன்று போடுகிறார். பள்ளி விட்டு வந்த பிள்ளை ‘கை கொடு’ என்று சொல்லி நான்கு போடுகிறான். தாத்தா தனக்கு ஒன்று, மணிக்கு ஒன்று என்று சமநீதி காக்கிறார். ஆயா, “ஒண்ணும் போடலடா” என்று சொல்லிக்கொண்டே முந்தானையில் இருந்து எடுத்துப் போடுகிறார். ஒவ்வொருவரும் தாம் மட்டுமே போடுவதாக நம்புகின்றனர். மொத்தக் கணக்கு தெரிந்த ஒரே உயிர் மணி. அது ஒவ்வொருவர் முன்னும் அன்று எதுவுமே தின்னாத முகத்தோடு நிற்கிறது. நாய் பருப்பது பண்டத்தால் அன்று. ஒருவர்க்கொருவர் தெரியாமல் செய்யும் அன்பால் என்பது இவ்வியலின் முடிபு.

இயல் 9: முடிவுகளும் பரிந்துரைகளும்

முதலாவது, கழித்தல் கோட்பாடு நிறுவப்பட்டது. நல்ல நாய்த் தின்பண்டம் எதைச் சேர்த்தோம் என்பதால் அமைவதில்லை. எதைச் சேர்க்காமல் கையைக் கட்டிக்கொண்டோம் என்பதால் அமைகிறது. சந்தையில் விலை உயர்ந்த பண்டங்கள் எத்தனை பொருள்களைச் சேர்த்ததாகச் சொல்லிக்கொண்டாலும், கேவுரு, பரங்கி, முட்டை மூன்றோடு நிற்கத் தெரிந்த வீடே வென்றது.

இரண்டாவது, பொறைக்கு மரியாதை குறைய வேண்டியதில்லை. அது உணவு அல்ல, வணக்கம். வணக்கம் நாளுக்கு ஒரு முறை போதும்.

மூன்றாவது, ஒரே டப்பா முறை நடைமுறைக்கு வர வேண்டும். காலையில் அன்றைய எண்ணிக்கையை ஒரு சிறு டப்பாவில் போட்டு வைப்பது, யார் எடுத்தாலும் அதிலிருந்தே எடுப்பது, தீர்ந்தால் தீர்ந்தது. தாத்தாவுக்குத் தனி டப்பா.

நான்காவது, தெரு நாய்களுக்குப் போடுவோர் 2023ஆம் ஆண்டு விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளை மனத்தில் கொள்க. குழந்தைகள் விளையாடும் இடம், வீட்டு வாசல், மாடிப்படி ஆகியவற்றை விட்டுத் தள்ளியே உணவு வைக்க வேண்டும் என்பது அவ்விதிகளின் நோக்கம். கையால் சுட்ட வில்லை என்பதால் எதிர்வீட்டுக்காரர் வாசலில் அதற்குத் தனிச் சலுகை இல்லை.

ஐந்தாவது, வில்லை சுடும் வீட்டில் வெறிநோய்த் தடுப்பூசி அட்டை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். லூயி பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாள். கால்நடை மருந்தகத்தில் ஆண்டுக்கொரு ஊசி போடாத நாய்க்கு நாளுக்கு ஒன்பது கேழ்வரகு வில்லை கொடுப்பது, கூரை இல்லாத வீட்டுக்குத் திரைச்சீலை தைப்பதாகும்.

மேலாய்வுக்குரிய களங்கள் பல உள. கல்வராயன் மலை நாய்களின் சாமை ஈடுபாடு, ஆற்றுத் திருவிழாவுக்கு மறுநாள் நாய்களின் வயிற்று நிலை, கறிக்கடை வாசலில் வரிசை ஒழுங்கு ஆகியவை இளம் ஆய்வாளர்களுக்காகக் காத்திருக்கின்றன. இதே ஆய்வைப் பூனைகளுக்கும் விரிக்கலாமே என்று கேட்கப்பட்டது. விரிக்க இயலாது. கேழ்வரகு வில்லையை முகர்ந்த பூனை, ஆய்வாளரை ஒரு முறை பார்த்துவிட்டு, ஓட்டின்மேல் ஏறிப் போய்விட்டது. ஒப்புதல் இல்லாத தகவலாளரைத் தொடர்ந்து துன்புறுத்த ஆய்வு அறம் இடம் தராது.